புள்ளைங்களுக்கு நானோ போதுமுங்க சாமி!

இன்னிக்கு கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம். "விம்"னு சொன்னதும் பாத்திரம் வெளக்கற சோப்புக்கட்டி ஞாபகத்துக்கு வர்றவங்க பயப்படாம படிக்கலாம், உங்களுக்கும் புரியற மாதிரித்தான் எழுதப் போறேன். "விம்"னு சொன்னதும் நெஞ்சை நிமித்தறவங்க கண்டிப்பாப் படிக்கணும். சண்டையே உங்க கூடத்தானுங்க :)

சொல்ல வந்ததை மொதல்லயே சொல்லிடறேன். லினக்ஸை முதல் தடவையாத் தொடற புள்ளைங்க கையில விஐ எடிட்டரைத் திணிக்கறதை நம்ம காலேஜுங்களும், ட்ரெய்னிங் சென்டருங்களும், ஆபீஸ்ல இருக்கற சீனியர் அண்ணனுங்களும் நிறுத்தணும். மொதல்ல நானோவைக் குடுங்க. ஃபைலைத் திறக்கட்டும், எழுதட்டும், சேமிக்கட்டும், வெளிய வரட்டும். விஐ எங்கயும் ஓடிப் போயிறாது. அப்பறம் பாத்துக்கலாம்.

"ஒரு எடிட்டருக்கா இவ்ளோ அக்கப்போரு?"ன்னு கேப்பீங்க. ஆமாங்க. இது எடிட்டர் சண்டை மாதிரி தெரியும், ஆனா நான் பேசறது யாரு உள்ள வரலாம், யாரு வாசப்படியிலயே நிக்கணும்ங்கறதைப் பத்தி.

விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. விண்டோஸ்ல நோட்பேட் இருக்குல்ல, அந்த மாதிரி எழுத்தை அடிச்சு சேமிக்கற சாதனம்தான் டெக்ஸ்ட் எடிட்டர். கமாண்ட் லைன்ல மெனுவைத் தேடி மவுஸால க்ளிக் பண்ற வேலை கெடையாது. கருப்புத் திரையும் கீபோர்டும் மட்டும்தான். தூரத்துல ஏதோ ஒரு டேட்டா சென்டர்ல இருக்கற சர்வரை நம்ம வீட்ல இருந்து திறந்து ஒரு வரியை மாத்தணும்னா இதுதான் வழி. "இப்பதான் விஎஸ் கோட் இருக்கே"ம்பீங்க. இருக்கு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துக்கிச்சுன்னா, ராஸ்பெர்ரி பை போர்டை நோண்டறப்ப, லேப்டாப் வாங்க வசதியில்லாத புள்ளை செல்போன்ல டெர்மக்ஸ் போட்டு பைத்தான் கத்துக்கறப்ப, அங்கெல்லாம் கருப்புத் திரைதான். அதனால ஒரு எடிட்டர் கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். எந்த எடிட்டர்ங்கறதுதான் கேள்வி.

ஒரு மொத நாள் கதை

ஒரு புள்ளை மொத தடவையா விம்மைத் திறக்குதுன்னு வெச்சுக்கோங்க. சி ப்ரோக்ராமோட மொத வரி எல்லாருக்கும் தெரியும்.. ஹேஷ் இன்க்ளூட். அதை அடிக்குது. என்ன நடக்கும்?

மொத எழுத்து ஹேஷ் குறி. விம்முக்கு அது எழுத்தில்ல, கட்டளை. "கர்சர் நிக்கற வார்த்தையை மேல்பக்கமாத் தேடு"ன்னு அர்த்தம். காலி ஃபைல்ல வார்த்தைக்கு எங்க போறது? கீழ ஒரு எரர் வரும். அடுத்து ஐ. அதுவும் கட்டளைதான். "இனிமேல் எழுதலாம்"னு அர்த்தம். அதனால ஐ திரையில வராது. அதுக்கப்பறம் அடிச்ச என்-சி-எல்-யு-டி-இ மட்டும் தலையில்லா முண்டமா வந்து உக்காந்திருக்கும். புள்ளை கீபோர்டைத் தூக்கிக் குலுக்கிப் பாக்கும்.. ஏனுங் சார், கீபோர்டு ரிப்பேருங்களா?

சரி, எப்படியோ அடிச்சு முடிச்சாச்சு. சேமிக்கணும். பள்ளிக்கூடத்துல பழகின பழக்கம், கண்ட்ரோல் எஸ். பழைய டெர்மினல் வழக்கப்படி அதுக்கு "திரைக்கு எழுத்து அனுப்பறதை நிறுத்து"ன்னு அர்த்தம். திரை அப்படியே உறைஞ்சு போயிரும். கண்ட்ரோல் க்யூ அடிச்சா உயிர் வரும்னு யாராச்சும் சொன்னாத்தான் உண்டு. அடுத்து, தப்பா அடிச்சதை மாத்த கண்ட்ரோல் இசட். கட்டளை மோடுல இருந்தா விம் மொத்தமா மறைஞ்சு பின்னாடி போய்த் தூங்கும். ஃபைல் போச்சுன்னு நெனைச்சு புள்ளை மறுபடியும் திறக்கும். இப்ப "ஸ்வாப் ஃபைல் இருக்கு, கவனம்"னு ஒரு பக்கத்துக்கு இங்கிலீஷ் மெரட்டல் வரும்.

கவனிங்க. இதுல அந்தப் புள்ளை செஞ்ச தப்பு எது? ஒண்ணுமே இல்ல. ப்ரோக்ராமுக்கான மொத வரியைக்கூட அது சரியாத்தான் அடிச்சுது.

இப்ப இதையே நானோவுல பண்ணச் சொல்லுங்க. ஹேஷ் அடிச்சா ஹேஷ் வரும். ஐ அடிச்சா ஐ வரும். கீழ ரெண்டு வரியில என்னென்ன பண்ணலாம்னு எழுதியே வெச்சிருக்கும். வெளிய போக கண்ட்ரோல் எக்ஸ்னு எந்நேரமும் கண்ணு முன்னாடி நிக்கும். சேமிக்காம வெளிய போனா "சேமிக்கட்டுமா?"ன்னு கேக்கும். புதுப் பதிப்புகள்ல கண்ட்ரோல் எஸ் அடிச்சா நிஜமாவே சேமிக்கும். புதுசா கத்துக்கணும்னா மொத்தமே ஒரு விஷயந்தான்.. கீழ தெரியற கூரைக் குறி (^) போட்டிருந்தா அது கண்ட்ரோல் கீ. அவ்ளோதானுங்க பாடம். டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சுரும்.

யாரு வாசப்படியில நிக்கறாங்க?

எங்க ஒறம்பரைப் பையன் ஒருத்தன். அன்னூர்ப் பக்கம், ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், வீட்ல மொத பட்டதாரி. கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ். பேர் வேண்டாம், காலேஜ் பேரும் வேண்டாம். லேப் பரீட்சையில அவனுக்கு வந்த ப்ரோக்ராம் தெரியும், பேப்பர்ல சரியா எழுதிட்டான். பொட்டியில அடிச்சதை சேமிச்சு வெளிய வரத் தெரியாம முழிச்சிருக்கான். வந்து பாத்த சார் "விஐகூடத் தெரியலைன்னா எதுக்குடா கம்ப்யூட்டர் எடுத்தே?"ன்னு எல்லாரு முன்னாடியும் எகத்தாளமாக் கேட்டிருக்காரு.

அதுக்கப்பறம் அவன் லேப்ல எந்தக் கேள்வியும் கேக்கலை. இப்ப திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கான். நல்லாத்தான் இருக்கான். விஐ ஒண்ணாலயே அவன் கம்ப்யூட்டரை விட்டான்னு சொன்னா அது பொய். ஆனா "இது நமக்கானது இல்ல போல"ங்கற நெனப்புக்கு மொத செங்கல்லை வெச்சது அந்த நாளுதான்னு அவனே சொல்றான்.

டவுன்ல வளந்து, வீட்ல ஒரு அண்ணனோ மாமாவோ ஐடியில இருக்கற புள்ளைக்கு விஐ ஒரு பிரச்சினையே இல்ல. போன் போட்டா சொல்லிக் குடுப்பாங்க. இங்கிலீஷ் எரர் மெசேஜைப் படிச்சு நெட்ல தேடும். தாராபுரத்துல இருந்தும் அந்தியூர்ல இருந்தும் பஸ் ஏறி வர்ற புள்ளைக்கு லேப்ல இருக்கற அந்த ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. அதுல அரை மணி நேரத்தை எடிட்டர் கூட மல்லுக்கட்டியே தொலைச்சா மிச்சம் என்ன இருக்கும்? ஆபரேட்டிங் சிஸ்டம் லேப்ல சொல்லித் தர வேண்டியது ஷெல் ப்ரோக்ராம், ப்ராசஸ் ஷெட்யூலிங், செமஃபோர் இதெல்லாம். இதுல எந்த ஒண்ணுக்கும் விஐ தேவையில்ல. எதுல அடிச்சாலும் கம்பைலருக்கு ஒண்ணுதான்.

புள்ளைங்க மட்டுந்தான் முழிக்குதுன்னும் நெனைக்காதீங்க. "விம்ல இருந்து எப்படி வெளிய வர்றது?"ன்னு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுல 2012ல ஒருத்தர் கேட்டாரு. 2017ல அந்த சைட்டுக்காரங்களே கணக்குப் போட்டு, பத்து லட்சம் டெவலப்பருங்களுக்கு மேல அந்தக் கேள்வியைப் பாத்துட்டாங்கன்னு பதிவு போட்டாங்க. பத்து லட்சம் பேருக்கு ஒரு வீட்டோட வாசக்கதவு தெரியலைன்னா, குத்தம் வந்தவங்க மேலயா, வீடு கட்டினவங்க மேலயா?

விஐ ஏன் அப்படி இருக்கு?

விஐ-யைத் திட்டறதுக்கு முன்னாடி அதோட நியாயத்தையும் சொல்லிடணும். பில் ஜாய்ங்கற மனுஷன் கலிஃபோர்னியாவுல பெர்க்லியில 1976 வாக்குல எழுதினது அது. அவரு கையில இருந்தது ஏடிஎம்-3ஏங்கற டெர்மினல். அந்தக் கீபோர்டுல தனி அம்புக்குறி கீயே கெடையாது. ஹெச், ஜே, கே, எல் எழுத்துங்க மேலயே அம்புக்குறியை அச்சடிச்சிருந்தாங்க. விஐ-ல கர்சரை நகத்த இன்னிக்கும் அந்த நாலு எழுத்துதான். எஸ்கேப் கீ அதுல க்யூவுக்குப் பக்கத்துல, இப்ப டேப் கீ இருக்கற எடத்துல இருந்துச்சு. சுண்டுவிரல் எட்டற தூரம். இன்னிக்கு அது கீபோர்டோட மூலையில போய் உக்காந்திருக்கு.

அதுவுமில்லாம 300 பாட் மோடம். அதுல நொடிக்கு சுமாரா 30 எழுத்து வரும். 24 வரி, வரிக்கு 80 எழுத்துன்னா ஒரு திரைக்கு 1920 எழுத்து. முழுத் திரையும் வந்து நிறைய ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். அந்தக் காலத்துல ரெண்டே எழுத்துல வார்த்தையை அழிக்கறது, ரெண்டு எழுத்துல வரியை அழிக்கறதெல்லாம் பெரிய வரம். கீழ ரெண்டு வரி உதவிக்குறிப்பு போட்டு வெக்கறதெல்லாம் ஆடம்பரம். அதுக்கு முன்னாடி கென் தாம்ப்சன் எழுதின ஈடிங்கற எடிட்டர் இன்னும் மோசம். என்ன தப்பு பண்ணினாலும் ஒரே ஒரு கேள்விக்குறி போடும். அம்புட்டுதான் பதில்.

ஆக விஐ-யோட ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. இப்ப அந்தக் காரணம் போயிருச்சு, வளைவு மட்டும் நிக்குது. நம்ம ஊர்ல கெணத்துல கவலை எறைச்ச காலம் இருந்துச்சு. மாட்டைப் பின்னாடி நடக்க வெச்சு, சால் ததும்பாம மேல கொண்டு வர்றது லேசுப்பட்ட வேலையில்ல. அதைச் செஞ்ச எங்க அப்பிச்சியை நான் கும்புடறேன். அதுக்காக இன்னிக்கு ஒருத்தன் தோட்டத்துக்கு தண்ணி பாய்ச்ச வந்தா "மொதல்ல கவலை எறைச்சுக் காட்டு, அப்பறம் மோட்டார் ரூம் சாவி தர்றேன்"னு சொல்ல முடியுங்களா? அதுவும் மோட்டார் பண்ற ஊர்ல இருந்துக்கிட்டு?

"கஷ்டப்பட்டாத்தான் தொழில் வரும்"

இது நம்ம ஊர் வாதம். பீளமேட்டுலயும் கணபதியிலயும் பட்டறை வெச்சிருக்கறவங்க வாயில அடிக்கடி வரும். ஃபிட்டர் வேலைக்கு வர்ற பையன் கையில மொதல்ல லேத்தைக் குடுக்க மாட்டாங்க. வைஸ்ல ஒரு இரும்புத் துண்டை மாட்டி, அரத்தைக் குடுத்து, மட்டமா ராவுடான்னு நாள்கணக்குல விடுவாங்க. கை காய்ப்புக் காய்க்கும். "அதே மாதிரிதான் விஐ"ம்பாங்க நம்ம ஆளுங்க.

தப்புங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க. அரம் புடிக்கறது இரும்பைச் சொல்லிக் குடுக்குது. எவ்ளோ அழுத்தினா எவ்ளோ போகும், எங்க மேடு எங்க பள்ளம்னு கைக்குத் தெரியும். அப்பறம் லேத்துக்குப் போனாலும் அந்த அறிவு கூடவே வரும். விஐ-யோட கீ எல்லாம் மனப்பாடம் பண்ணினா யூனிக்ஸைப் பத்தி என்ன தெரிஞ்சுது? ஃபைல்னா என்ன, பர்மிஷன்னா என்ன, பைப்னா என்ன, ப்ராசஸ்னா என்ன, ஒண்ணும் தெரியாது. விஐ தெரிஞ்சா விஐ தெரியும். அவ்ளோதான்.

இன்னொண்ணு. எந்தப் பட்டறையிலயாச்சும் மெஷினை நிறுத்தற சுவிட்ச் எங்க இருக்குன்னு சொல்லாம பையனை நிக்க வெப்பாங்களா? மொத நாளு, மொத வேலை அதைக் காட்டறதுதான். "ஏதாச்சும் ஆச்சுன்னா இதை அமுக்கு கண்ணு." விஐ-ல அந்த சுவிட்சைத்தானே ஒளிச்சு வெச்சிருக்கு? எஸ்கேப், அப்பறம் முக்காப்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, எண்டர். இதை எந்தப் புள்ளை தானாக் கண்டுபுடிக்கும்? (புது விம்ல கண்ட்ரோல் சி அடிச்சா வழி சொல்லுது, ஒத்துக்கறேன். அந்த அளவுக்காச்சும் அவங்களுக்கே புரிஞ்சிருக்கு.)

உண்மையைச் சொல்லணும்னா இந்த "கஷ்டப்படட்டும்" பேச்சுல பாதி ரவுசு. நான் பட்டேன், நீயும் படு. ராகிங்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ராகிங்கை நம்ம தமிழ்நாட்டுல 1997லயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. எடிட்டர் ராகிங்குக்கு இன்னும் யாரும் சட்டம் போடலை :)

"எல்லா சர்வர்லயும் விஐ-தான் இருக்கும்"

இது கொஞ்சம் கனமான வாதம். மதிச்சுப் பதில் சொல்லணும். போசிக்ஸ்ங்கற யூனிக்ஸ் தரத்துல விஐ-க்கு எடம் உண்டு, நானோவுக்கு இல்ல. பிஸிபாக்ஸ் போட்ட குட்டி சிஸ்டத்துலயும் ஒரு விஐ இருக்கும். சென்ட்ஓஎஸ் 7 மினிமல் போட்ட சர்வருங்கள்ல நானோன்னு அடிச்சா "அப்படி ஒரு கட்டளை இல்ல"ன்னு வரும். வேலைக்குப் போற பையனுக்கு இது தெரிஞ்சிருக்கணும். நான் மறுக்கலை.

ஆனா அந்த சர்வரை மொத நாள் புள்ளை கையில யாரு குடுக்கப் போறாங்க? கோவை டைடல் பார்க்லயோ சரவணம்பட்டியிலயோ வேலைக்குச் சேர்ந்து, ப்ரொடக்‌ஷன் சர்வர் பாஸ்வேர்ட் கைக்கு வர்றப்ப அவனுக்கு லினக்ஸ் பழகி வருஷமாயிருக்கும். அன்னிக்கு ஒரு மதியம் போதும். விம் கூடவே ட்யூட்டர்னு ஒரு பாடம் வருது, அரை மணி நேரத்துல முடிக்கலாம். அந்த அரை மணி நேரத்தை ஆறாவது மாசம் குடுங்க, மொத நாள் குடுக்காதீங்க.

ஒலகமும் அந்தப் பக்கந்தான் போகுது. உபுண்டுவுல க்ரான்டேப் ஃபைலை மொத தடவை திருத்தப் போனா "எந்த எடிட்டர் வேணும்?"னு ஒரு பட்டியல் வரும். அதுல நானோவுக்கு நேரா அம்புக்குறி போட்டு "இருக்கறதுலயே ஈஸி"ன்னு அவங்களே இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருக்காங்க. ஃபெடோரா 2020ல வந்த 33ஆம் பதிப்புல இருந்து நானோவை டீஃபால்ட் எடிட்டரா ஆக்கிருச்சு. கிட் கமிட் பண்ணப் போய் விஐ-ல மாட்டிக்கற புது ஆளுங்களைப் பாத்துத்தான் இந்த முடிவு. மைக்ரோசாஃப்ட் 2025ல விண்டோஸ் கமாண்ட் லைனுக்குன்னு "எடிட்"னு ஒரு எடிட்டரை வெளியிட்டுச்சு. 250 கேபிகூட இல்ல. மோடு வெச்ச எடிட்டர் வேண்டாம்னு யோசிச்சே பண்ணினாங்க, காரணமா விம்ல இருந்து வெளிய வரத் தெரியாம முழிக்கற அந்தப் பழைய கதையைத்தான் சொன்னாங்க. அங்கெல்லாம் ஒத்துக்கிட்டாங்க. நம்ம லேப்லதான் இன்னும் 1976.

நானோ ஒண்ணும் சாமி இல்ல

நானோவோட கதையையும் சொல்லிடறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல பைன்னு ஒரு ஈமெயில் மென்பொருள் இருந்துச்சு. அதுல மெயில் எழுதறதுக்காக இருந்த எடிட்டர் பைக்கோ. எளிமையா இருந்ததால எல்லாரும் அதைத் தனியாவே பயன்படுத்தினாங்க. ஆனா அதோட லைசென்ஸ் கட்டற்ற மென்பொருளுக்கு ஒத்து வரலை. அதனால 1999ல க்ரிஸ் அலெக்ரெட்டாங்கறவர் அதே மாதிரி ஒண்ணை புதுசா எழுதினாரு. மொத பேரு டிப். "டிப் பைக்கோ இல்ல"ங்கறதோட சுருக்கம். அந்தப் பேர்ல ஏற்கனவே ஒரு யூனிக்ஸ் கட்டளை இருந்ததால 2000ல நானோன்னு மாத்தினாரு. 2001ல க்னூ திட்டத்துல சேர்ந்துச்சு. நம்ம ரத்தன் டாடாவோட நானோ காருக்கு முன்னாடியே வந்தது இது. கார் நின்னு போச்சு, இது இன்னும் ஓடுது.

குறையும் இருக்கு. 2019ல வந்த 4.0க்கு முந்தின பதிப்புகள்ல நீளமான வரியை அதுவே மடிச்சு ரெண்டா வெட்டிப்புடும். கான்ஃபிகரேஷன் ஃபைல்ல அது வெனை. அதனாலதான் பழைய குறிப்புகள்ல நானோவோட "மைனஸ் டபிள்யூ" போடச் சொல்லுவாங்க. பழைய சர்வர்ல வேலை பாத்தா அதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்தது கரண்டு. 2012ல கோயமுத்தூர்ல இருந்தவங்களுக்கு இது நெஞ்சுல தைக்கும். ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல கரண்டு இல்லாத நாளுங்க அது. விம் நீங்க அடிக்க அடிக்க ஸ்வாப் ஃபைல்ல எழுதி வெச்சுக்கும். பொட்டி பொசுக்குன்னு அணைஞ்சாலும் பெரும்பகுதியை மீட்டுக்கலாம். நானோவுல அது இல்ல. நெட் கனெக்‌ஷன் அறுந்தா ஒரு அவசர நகலை எழுதி வெக்கும், ஆனா கரண்டே போனா சேமிக்காதது போனதுதான். இதுல விம்முக்கு நூத்துக்கு நூறு. நானோக்காரங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா கண்ட்ரோல் எஸ் அடிக்கப் பழகிக்கணும்.

பெரிய ப்ராஜெக்ட், ஆயிரக்கணக்கான வரி, ஒரே மாத்தத்தை நூறு எடத்துல பண்ணணும்னா விம்மும் ஈமேக்ஸும் ராஜாதான். ப்ராம் மூலெனார் 1991ல விம்மை வெளியிட்டு, 2023ல சாகற வரைக்கும் அதைக் கட்டிக் காத்தாரு. புடிச்சிருந்தா உகாண்டா குழந்தைங்களுக்கு உதவி பண்ணுங்கன்னு மட்டும் கேட்டுக்கிட்டாரு. அந்த மனுஷன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. அவரு வெச்ச விருந்தை, நடக்கப் பழகாத கொழந்தைக்கு வாயில திணிக்கறவங்க மேலதான் கோவம்.

தமிழ்ல எழுதறவங்களுக்கு இன்னொரு காரணம்

இதை ஏனோ யாரும் பேசறதில்ல. தமிழ் 99லயோ ஃபொனெடிக்லயோ கீபோர்டை மாத்திட்டு விம்ல தமிழ் அடிக்கறீங்கன்னு வைங்க. எழுதற வரைக்கும் சரி. எஸ்கேப் அடிச்சு கட்டளை மோடுக்கு வந்தா? கீபோர்டு இன்னும் தமிழ்லதான் இருக்கு. ஜே அடிச்சா கர்சர் நகராது, ஏதோ ஒரு தமிழ் எழுத்து போய் விழும், விம்முக்கு அது என்னன்னே தெரியாது. டபிள்யூ க்யூ அடிச்சாலும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் கீபோர்டை இங்கிலீஷுக்கு மாத்தி, கட்டளை குடுத்து, மறுபடி தமிழுக்கு மாத்தணும். இதுக்கு விம்லயே கீமேப், லாங்மேப்னு மருந்து இருக்கு. அதை அமைக்கத் தெரிஞ்சவனுக்கு இந்தப் பதிவே தேவையில்ல!

நானோவுல எழுத்து எழுத்துதான். கட்டளை எல்லாம் கண்ட்ரோல், ஆல்ட் கூடத்தான். ஐபஸ் மாதிரி உள்ளீட்டு முறைங்க கண்ட்ரோல் சேர்த்து அடிக்கறதைப் பொதுவாத் தொடறதில்ல. தமிழ்லயே அடிச்சுக்கிட்டு, தமிழ்லயே சேமிச்சுட்டு வந்துரலாம். டெர்மினல்ல கொம்பும் காலும் எடம் மாறித் தெரியற கஷ்டம் ரெண்டுலயும் உண்டு, அது டெர்மினலோட வியாதி. ஆனா தமிழ்ல ஒரு கமெண்ட் எழுதி வெக்க நெனைக்கற புள்ளைக்கு மோடு இல்லாத எடிட்டர்தான் தோதானது.

அப்ப என்ன பண்ணலாம்?

லேப் நடத்தறவங்களுக்கு: எல்லாப் பொட்டியிலயும் "எடிட்டர்"ங்கற என்விரான்மென்ட் வேரியபிளை நானோன்னு வெச்சுருங்க. கிட்டுக்கும் அதையே சொல்லிடுங்க. விண்டோஸ்ல கிட் போடறப்ப எடிட்டர் எதுன்னு கேக்கும், அங்க விம்தான் தேர்வாகி இருக்கும். கண்ணை மூடிட்டு நெக்ஸ்ட் அடிக்காதீங்க. நானோவுல வரி எண் காட்டற அமைப்பையும் போட்டு விடுங்க. கம்பைலர் "பன்னண்டாவது வரியில தப்பு"ன்னு சொன்னா புள்ளை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது.

புது மென்பொருள் போட அனுமதி இருந்தா மைக்ரோங்கற எடிட்டரையும் பாருங்க. 2016ல வந்தது. கண்ட்ரோல் சி, வி, இசட், எஸ் எல்லாம் நோட்பேட்ல மாதிரியே வேலை செய்யும், மவுஸும் எடுக்கும். எளிமையில நானோவை விட ஒரு படி மேல. ஆனா எங்க போனாலும் இருக்காது, தனியாப் போடணும். நானோவும் 2024ல வந்த 8.0ல இந்த மாதிரி நவீன கீ அமைப்பை ஒரு விருப்பமா சேர்த்திருக்கு. அதனால என் வரிசை: மொதல்ல நானோ, வசதி இருந்தா மைக்ரோ, ஆறு மாசம் கழிச்சு விம்ல நாலே நாலு விஷயம்.. திறக்க, எழுத, சேமிக்க, தப்பிக்க. புடிச்சுப் போனா மிச்சத்தை அவங்களே கத்துக்குவாங்க. புடிச்சுக் கத்துக்கறவன்தான் நல்ல விம்காரன் ஆவான், பயந்து கத்துக்கிட்டவன் ஆக மாட்டான்.

சீனியர் அண்ணனுங்களுக்கு: ஒரு ஜூனியர் வந்து "அண்ணா, இதுல எப்படிங்ணா வெளிய வர்றது?"ன்னு கேட்டா சிரிக்காதீங்க. மீம் அனுப்பாதீங்க. சொல்லிக் குடுத்துட்டு, "உனக்கு நானோ போதும் கண்ணு, நீ எழுதற ப்ரோக்ராம்தான் முக்கியம்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. காசா பணமா?

2011ல இருந்து தமிழ்நாடு அரசு குடுத்த இலவச லேப்டாப்ல விண்டோஸ் கூட பாஸ் லினக்ஸும் வந்துச்சு. டெபியன் வழி வந்த, நம்ம நாட்டு சி-டாக் பண்ணின லினக்ஸ். லட்சக்கணக்கான வீட்டுக்குள்ள லினக்ஸ் தானா நடந்து போச்சு. அதைத் திறந்து பாத்தவங்க எத்தனை பேரு, விஐ-யைப் பாத்து மூடி வெச்சவங்க எத்தனை பேருன்னு யாரும் எண்ணலை. இன்னொரு தடவை அப்படி ஒரு வாய்ப்பு புள்ளைங்க கைக்கு வந்தா, மொத திரையிலயே அதுங்க வெரண்டு ஓடாம பாத்துக்கறது நம்ம கையிலதானுங்க இருக்கு.

விம்காரங்க திட்டணும்னா தாராளமா வாங்க. வர்றப்ப எஸ்கேப் அடிச்சுட்டு வாங்க, இல்லைன்னா திட்டறதெல்லாம் ஃபைல்லயே போய் விழுந்துரும் :)

டிஸ்கி: இந்தப் பதிவை நானோவுலதான் அடிச்சேன். கரண்டு போகலை.